பிரைவேட் பேங்கிங் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேரலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. முதலாமாண்டு படிக்கிறேன், நிதி மேலாண்மை என் பாடப்பிரிவு. கோடை விடுமுறையில் எட்டு வாரம் பயிற்சி பெற்று அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. சென்னையில் உள்ள ஒரு தனியார் வங்கியின் பிரைவேட் பேங்கிங் (பெரும் பணக்காரர்களுக்கான சேவை) பிரிவில் இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி கூறி, கடிதமும் கொடுத்திருக்கிறது. பதிவுக்கும் பயிற்சிக்குமாக 8,500 ரூபாய் கேட்கிறார்கள். பத்து டீமேட் கணக்குகளும் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள்) இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசிகளும் பிடித்துக் கொடுத்தால்தான் சான்றிதழ் என்கிறார்கள். எனக்காக என் சித்தப்பா ஒரு பாலிசி விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, 50,000 ரூபாய்க்குக் காசோலையும் கொடுத்துவிட்டார். பணம் கட்டிச் சேரலாமா? சேர்ந்தால், வாடிக்கையாளர்களின் முதலீடுகளைப் பற்றி அறிக்கை எழுத வங்கியில் அனுமதிப்பார்களா?

பதில்: 8,500 ரூபாயைக் கட்ட வேண்டாம். வங்கிகள் பயிற்சி மாணவர்களைக் கல்லூரி வளாகத்திலோ, தங்கள் இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கம் வழியாகவோ, தங்கள் ஊழியர்களின் பரிந்துரையின் பேரிலோ எடுத்துக்கொள்கின்றன. இம்மூன்றில் எதற்கும் மாணவர் பணம் கட்டுவதில்லை. இடையில் ஒருவர் உட்கார்ந்து கட்டணம் கேட்டால், அவர் பெரும்பாலும் கணக்குத் திறப்பதற்கும் பாலிசி பிடிப்பதற்கும் ஆள் சேர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு என்று கூலி வாங்கும் முகவராகவே இருப்பார். அங்கே அவருக்கு வருமானம், உங்களிடமும் வருமானம். கடைக்காரருக்கு நுழைவுக் கட்டணம் செலுத்திவிட்டு அவருடைய சரக்கையே தெருத்தெருவாக விற்றுக் கொடுப்பதைப் போன்றது இது. ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது; தடுக்க வேண்டியவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை.

உங்கள் கையில் உள்ள கடிதம் உண்மையானதா என்பதைக் கண்டறிவது கடினமன்று. அது வங்கியின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருக்க வேண்டும். எந்தப் பிரிவு, யாருடைய மேற்பார்வை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உதவித்தொகை உண்டா என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்வதில் பயனில்லை, ஏனென்றால் அந்த எண்ணைக் கொடுத்தவரே மறுமுனையில் பேசுவார். வங்கியின் இணையதளத்தில் உள்ள எண்ணில் மனிதவளப் பிரிவை அழையுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போன பிறகு ஏமாற்றப்பட்டது தெரியவந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

மாணவர் கையிலிருந்து நியாயமாகச் செலவாகக்கூடிய ஒரே கட்டணம், என்.ஐ.எஸ்.எம். என்ற கல்வி நிறுவனத்தின் தேர்வுக் கட்டணம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இடைத்தரகர்கள் ஒளிந்துகொள்வது இதன் பின்னால்தான். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்கள் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அமைத்த அந்தக் கல்வி நிறுவனத்தின் ஐந்து-ஏ வரிசைத் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். இரண்டு மணி நேரம், நூறு மதிப்பெண், ஐம்பது எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பயிற்சிக்கு வருமுன் இதை எழுதிவிட்டு வாருங்கள் என்று ஒரு வங்கி உங்களிடம் சொன்னால் அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டணத்தை நீங்களே என்.ஐ.எஸ்.எம். இணையதளத்தில், உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணைக் கொடுத்துச் செலுத்த வேண்டும்; அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில் வரும்; சான்றிதழும் உங்களுடையதே, வங்கி அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. கன்சல்டன்சி வசூலிக்கும் தொகைக்குள் தேர்வுக் கட்டணமும் அடங்கும் என்று சொன்னால், தேர்வுக்கான பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும். தேர்ச்சி பெற்றுவிட்டாலும் அன்றே விற்கத் தொடங்க முடியாது. விநியோகஸ்தராக இருக்கும் வங்கியின் ஊழியராக, மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி அமைப்பில் பதிந்து, உங்களுக்கென்று தனி அடையாள எண் பெற்ற பிறகே விண்ணப்பத்தில் உங்கள் எண்ணை எழுத முடியும். எட்டு வாரத்துக்கு வரும் மாணவருக்கு இவ்வளவு ஏற்பாட்டை எந்த வங்கியும் செய்வதில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட வேலையைப் பார்த்தால், அது பிரைவேட் பேங்கிங் அன்று, கிளை விற்பனை. பிரைவேட் பேங்கிங் என்பது சில கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு செய்யக்கூடிய குடும்பங்களுக்கான சேவை. வரம்பு வங்கிக்கு வங்கி வேறுபடும். அந்த வாடிக்கையாளர்களுக்கு விற்கப்படும், ஒவ்வொருவர் பணத்தையும் தனித்தனியாக நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேலாண்மைத் திட்டத்துக்குச் செபி வைத்திருக்கும் குறைந்தபட்ச முதலீடு 50 லட்சம் ரூபாய், மாற்று முதலீட்டு நிதிக்கு ஒரு கோடி. அத்தகைய வாடிக்கையாளர் எதிரில் பயிற்சி மாணவரைத் தனியாக உட்கார வைக்க வாடிக்கையாளரைக் கவனித்துக்கொள்ளும் எந்த ரிலேஷன்ஷிப் மேனேஜரும் துணிய மாட்டார். கல்லூரித் தோழர்களுக்கு டீமேட் கணக்குத் திறந்து கொடுப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பாலிசி விற்கச் சொல்வது விதிமீறல். வங்கியின் வழியாகக் காப்பீடு விற்பவர், அதற்கென்று குறிப்பிட்ட மணி நேரம் பயிற்சி பெற்று, தேர்வெழுதி, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் என்ற சான்று பெற்றிருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை. நடைமுறையில் நீங்கள் பேசிச் சம்மதிக்க வைப்பீர்கள், விண்ணப்பத்தில் வேறொருவருடைய எண் ஏறும். நாளை அந்தப் பாலிசியில் தகராறு வந்தால் உறவினர் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான். முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியை நாமே திருப்பிக் கொடுத்துவிடலாம், அவருக்கும் நஷ்டமில்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடை செய்திருக்கும் செயல். அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம். இலக்கை எட்டுவதற்காக நண்பர்களின் பெயரில் வங்கிக் கணக்குகளைத் திறந்து, ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் வேறு யாரிடமாவது ஒப்படைப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. மோசடிப் பணம் கைமாறுவது அத்தகைய கணக்குகள் வழியாகத்தான், காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குக்கு உரியவரையும் அவரை அழைத்து வந்தவரையும்தான்.

உண்மையான பயிற்சியில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், வேலை சிறியது, பார்ப்பதற்குக் கிடைப்பது பெரியது. வாடிக்கையாளரின் முகவரி, வருமானச் சான்றுகள் முறைப்படி இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது, பல இடங்களில் சிதறிக் கிடக்கும் முதலீடுகளை ஒரே எக்ஸெல் தாளில் சேர்ப்பது, சந்திப்புக்கு முன் குறிப்பு தயாரிப்பது ஆகியவையே உங்களிடம் வரும். அவற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்யுங்கள். உதாரணமாக, இடர் ஏற்புத் திறனை, அதாவது வாடிக்கையாளர் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவார் என்பதை, கணிக்கும் வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபத்திரண்டு வயதுத் தாத்தா, நாற்பத்தைந்து வயது மகன், கல்லூரிக்குப் போகும் பேத்தி ஆகிய மூவருடைய தாள்களிலும் ஒரே கட்டங்களில், ஒரே பேனாவால், ஒரே தேதியில் டிக் விழுந்திருந்தால், வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கப்படவே இல்லை என்பது புரியும். எந்தத் திட்டத்தை விற்க வேண்டும் என்பது முதலில் முடிவாகிவிட்டது, அதற்கேற்ற வினாத்தாள் பிறகு நிரப்பப்பட்டிருக்கிறது. மேற்பார்வையாளரிடம் குற்றம் சாட்டும் தொனியில் இதைக் கேட்காதீர்கள். எப்படி நிரப்புவது வழக்கம் என்று கேட்டால் போதும், பதிலிலேயே பாடம் இருக்கும்.

அறிக்கையைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரின் விவரம் ஒரு வரிகூட வெளியே வரக் கூடாது. திரையைப் படமெடுப்பதும், தாளை உங்கள் வாட்ஸப்புக்கு அனுப்பிக்கொள்வதும், வேலையை வீட்டில் முடிக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் செய்தாலும், பயிற்சியை அன்றே முடித்துவைத்துவிடும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது பரவலான தவறு. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் மூன்று சகோதரர்கள், அவர்களில் ஒருவருக்குச் சிங்கப்பூரில் வீடு என்று எழுதினால், ஊரில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் உரிமையாளராக இருந்து, அங்கே காதில் விழுந்த செய்தியை நம்பி நீங்களோ உங்கள் வீட்டாரோ பங்கு வாங்கினால், செபியின் 2015-ஆம் ஆண்டு உள்வட்ட வணிகத் தடை விதிகளின் கீழ் சிக்கிக்கொள்வீர்கள்.

வாடிக்கையாளர் தகவலே இல்லாமல் நல்ல அறிக்கை எழுதலாம் என்பதுதான் பலருக்குத் தோன்றாத செய்தி. லார்ஜ் கேப் திட்டம் தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தை சந்தை மதிப்பில் முதல் நூறு நிறுவனங்களின் பங்குகளில் போட வேண்டும் என்று செபி 2017-இல் வகுத்தது. அப்படியானால் ஆறு லார்ஜ் கேப் திட்டங்களை வைத்திருப்பவர் உண்மையில் எத்தனை வெவ்வேறு பங்குகளை வைத்திருக்கிறார்? ஃபண்ட் நிறுவனங்கள் மாதந்தோறும் வெளியிடும் பட்டியல்களைக் கொண்டே இதைக் கணக்கிடலாம், யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்னொன்று, 2013 ஜனவரி முதல் எல்லாத் திட்டங்களுக்கும் இருக்கும் நேரடி வகைக்கும் (விநியோகஸ்தர் இல்லாமல் வாங்குவது) விநியோகஸ்தர் வழி வகைக்கும் உள்ள செலவு வித்தியாசம். அது ஆண்டுக்கு ஒரு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 155 லட்சம் ஆகும், 11 சதவீதமானால் 142 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை 13 லட்சம் ரூபாய். அந்தத் தொகைக்கு ஈடான சேவையை வங்கி தருகிறதா என்ற கேள்வியோடு பயிற்சிக்குப் போகும் மாணவர், எட்டு வாரத்தில் தொழிலின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுகொள்வார். மேற்பார்வையாளருக்கு இந்தத் தலைப்பு பிடிக்காமல் போகலாம். அப்போது முதல் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். முத்திரை வைத்த சான்றிதழ் வந்தால் போதும், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை என்ற நிலை இருக்கும் வரை கன்சல்டன்சிகளுக்குக் குறைவிருக்காது. வங்கியின் சேவையில் குறை கண்ட வாடிக்கையாளர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். பயிற்சி என்ற பெயரில் விற்பனைக்கு விரட்டப்படும் மாணவர் போக இடமில்லை. கல்லூரியைக் கேட்டால் வங்கியைக் கை காட்டுகிறது, வங்கி கன்சல்டன்சியைக் கை காட்டுகிறது. ஆகவே உங்கள் துறைத் தலைவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, இதை ஏற்பதா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு வரும். நல்ல இடம் கிடைக்காவிட்டால் உங்கள் ஊரிலேயே உள்ள பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரிடமோ, பட்டயக் கணக்காளர் அலுவலகத்திலோ எட்டு வாரம் அமர்ந்தாலும், குடும்பங்களின் பணத்தை எப்படிப் பார்ப்பது என்ற வேலையைக் கற்கலாம். ஒரு பெரிய வங்கியின் பெயர் தாளில் இல்லாமல் போவது பெரிய இழப்பன்று.

உங்கள் சித்தப்பாவின் காசோலையை இன்றே கவனியுங்கள். அது யார் பெயருக்கு எழுதப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் கன்சல்டன்சியின் பெயரிலோ தனிநபர் பெயரிலோ இருந்து, இன்னும் பணமாகாமலும் இருந்தால், அவருடைய வங்கிக்குச் சென்று பணம் கொடுப்பதை நிறுத்தும்படி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாலிசி ஆவணம் வந்துவிட்டிருந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதலாம். பாதுகாப்பு அளித்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அந்தக் கடிதத்தை முகவர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், முப்பது நாளும் அவர் பையிலேயே கழிந்துவிடும். கிளையில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் நகலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.