பஞ்சசீலம் எடுத்தவர் கொடைக்குக் கிடா கொடுக்கலாமா?

கேள்வி: சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சென்னையில் வேலை பார்த்தபோது பௌத்தத் துறவியான ஒரு பிக்குவிடம், புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், கொலை, களவு, தகாத காமம், பொய், மது ஐந்தையும் விலக்கும் பஞ்சசீலமும் எடுத்துக்கொண்டேன். வருகிற சித்திரையில் எங்கள் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. எனக்குக் கல்யாணம் முடிந்தால் கிடா வெட்டுவதாக அம்மா நேர்ந்திருக்கிறார்கள். பணம் நான்தான் தர வேண்டும். தந்தால் சீலம் போய்விடுமா? குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊரில் பிரிக்கும் தலைக்கட்டு வரி கொடுக்கலாமா? படைப்புச் சோறு சாப்பிடலாமா? பேசாமல் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா? பிக்குகளே கறி சாப்பிடுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

பதில்: லீவு யோசனையை முதலில் தள்ளிவிடுவோம். லீவு இருந்தும் இல்லை என்று சொன்னால், முதல் சீலத்தைக் காப்பாற்ற நான்காவதைக் கொடுத்த கதைதான்.

உங்கள் கடிதத்தைப் படித்தால், சீலத்தையும் ஒரு நேர்ச்சையாகவே எண்ணிப் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது இயல்பு. நேர்ச்சை என்பது சாமிக்குப் பட்ட கடன். தீர்க்காவிட்டால் சாமி குத்தம். சீலம் அப்படியில்லை. நீங்கள் பாலியில் சொன்னது 'பாணாதிபாதா வேரமணி சிக்காபதம் சமாதியாமி'. உயிர்க்கொலையிலிருந்து விலகும் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று பொருள். சிக்காபதம் என்றால் பயிற்சி விதி. புத்தருக்கு நீங்கள் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, தவறினால் தண்டிக்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

அதனால் 'சீலம் போய்விடுமா' என்பதைவிட 'எந்த இடத்தில் என் கை படுகிறது' என்று கேளுங்கள். கொலை நிறைவாக ஐந்து அங்கங்கள் வேண்டும் என்கின்றன பழைய பௌத்த உரைநூல்கள்: ஓர் உயிர், அது உயிர் என்ற அறிவு, கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு. முயற்சி என்பதில் பிறரை ஏவுவதும் சேரும். அரிவாள் பூசாரியின் கையில் இருந்தாலும் ஏவியவருக்குப் பங்கு உண்டு.

இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்வது, புத்தர் பேச்சுகளின் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் ஜீவக சூத்திரம். புத்தருக்காகவோ அவர் சீடருக்காகவோ ஓர் உயிரைக் கொல்பவருக்கு ஐந்து இடங்களில் தீவினை சேர்கிறது என்று அதில் வருகிறது. வெட்டு விழுவதற்கு முன்பே அதில் மூன்று வந்துவிடுகிறது. முதலாவது, 'போய் அந்தப் பிராணியைக் கொண்டு வா' என்று சொல்லும் இடம். இரண்டாவது, கழுத்தில் கயிறோடு இழுத்து வரும்போது அது படும் வேதனை. மூன்றாவது, 'வெட்டு' என்ற சொல். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடா உடம்பைச் சிலிர்க்கிறதா என்று கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிஷம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஜீவக சூத்திரத்தின் கணக்கு அந்த நிமிஷத்துக்கு ரொம்ப முன்னாலேயே, சந்தையில் கயிறு கைமாறும்போதே தொடங்கிவிடுகிறது.

ஆகவே கிடாவுக்கென்று பணம் கொடுக்காதீர்கள். கயிற்றையும் பிடிக்காதீர்கள். மாதச் செலவுக்கு அனுப்பியதில் அம்மா மிச்சம் பிடித்து வாங்கினால் அது அம்மாவின் பணம், அம்மாவின் நேர்ச்சை. தெரிந்தே அந்த மாதம் கூடுதலாக அனுப்பினீர்கள் என்றால் அது சுற்றி வளைத்துச் சொன்ன உத்தரவு. சிலர் கிடாவை வெட்டாமல் கோயிலுக்கு விட்டு ஏலம் போடச் சொல்வார்கள். ஏலம் எடுக்கிறவர் வீட்டில் கட்டி வளர்க்கவா எடுக்கிறார்?

வரி வேறு விஷயம். பந்தல், சீரியல் லைட், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து எல்லாம் அதில்தான் நடக்கிறது. நிறுத்தினால் ஊர்க்கணக்கில் உங்கள் தலைக்கட்டே இல்லை என்றாகிவிடும். கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. பொதுக் கிடாவும் அதே பணத்தில் வாங்குகிறார்கள் என்றால், உங்கள் பங்கைக் கணியான் செலவுக்கு என்று நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

குலசாமியைக் கும்பிடுவதே தப்போ என்றும் குழம்ப வேண்டாம். இல்லறத்தான் கொடுக்க வேண்டிய ஐந்து பலிகளை இன்னொரு தொகுப்பான அங்குத்தர நிகாயம் சொல்கிறது: சுற்றத்தார், விருந்தினர், இறந்த முன்னோர், அரசு, தெய்வம். தென்புலத்தார் தெய்வம் விருந்தொக்கல் என்ற குறளைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. பலி என்றதும் நமக்கு ரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே அதற்குப் படையல், காணிக்கை என்றே பொருள். கூடதந்த சூத்திரத்தில் ஒரு பிராமணர் வேள்விக்காகக் காளையும் கன்றும் ஆடுமாக வகைக்கு 700 சேர்த்து வைத்திருப்பார். நெய், எண்ணெய், வெண்ணெய், தயிர், தேன், வெல்லம் கொண்டே ஒரு பழைய அரசன் வேள்வியை முடித்த கதையைப் புத்தர் அவருக்குச் சொல்வார். கேட்டு முடித்ததும் அவர் அத்தனையையும் அவிழ்த்துவிட்டு, பச்சைப் புல் தின்னட்டும், குளிர்ந்த தண்ணீர் குடிக்கட்டும் என்பார்.

இதை அம்மாவிடம் சூத்திரமாகச் சொன்னால் எடுபடாது. உங்கள் கோயிலிலேயே சைவப் படைப்பு வாங்கும் தெய்வம் இருக்கும், பிரம்மசக்தியோ சாஸ்தாவோ. மாடனுக்குக் கிடா வெட்டும்போது சாஸ்தாவுக்கு முன்னால் திரை போடும் வழக்கத்தை அம்மாவும் பார்த்திருப்பார்கள். அந்தப் படைப்பு முழுவதும் என் செலவு என்று சொல்லுங்கள். கிடாவுக்கு மாற்று உண்டா என்பதைச் சாமியாடியிடம் அம்மாவே கேட்கட்டும். நீங்கள் சொல்லி ஆறாத மனசு சாமி வாக்கில் ஆறிவிடும்.

இனி கறி. இலங்கை, தாய்லாந்து போன்ற நாடுகளின் தேரவாத மரபில் பிக்குவுக்கு 227 விதிகள். இதைச் சமை, அதைச் சமை என்று அவர் சொல்ல முடியாது, பாத்திரத்தில் விழுந்ததைத்தான் சாப்பிட வேண்டும். தனக்காகக் கொன்றதைப் பார்த்திருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டாலோ அந்தக் கறியைத் தொடக்கூடாது. பிக்குகள் மீனும் கறியும் உண்ணக்கூடாது என்று விதி கேட்ட, புத்தரோடு முரண்பட்ட சீடன் தேவதத்தனுக்குப் புத்தர் இணங்கவில்லை. சீன மரபில் துறவிகள் கறியே தொடுவதில்லை. உங்கள் ஐந்து சீலத்தில் கறியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் உங்கள் கல்யாணத்துக்காக வெட்டிய கிடா என்று தெரிந்த பிறகு, நானாக இருந்தால் அந்தச் சோற்றில் கை வைக்க மாட்டேன்.

சாராயப் படைப்பைத் தீர்த்தமாக நீட்டினால் வாங்காதீர்கள். பிக்குகளுக்குப் புல் நுனியளவும் குற்றம். உங்களுக்கு மட்டும் ஒரு வாய் சும்மாவா?

கொடை பௌர்ணமியில் விழுந்தால் அன்றைக்கு எட்டு சீலம் எடுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். நண்பகலுக்கு மேல் சாப்பாடு கிடையாது, பாட்டும் கூத்தும் கூடாது. வில்லுப்பாட்டு நடக்கும் பந்தலில் காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்? ஐந்தோடு நில்லுங்கள்.

எங்காவது சறுக்கினால், ஒவ்வொரு சீலத்தையும் தனித்தனியாகக் காப்பதாகக் கேட்டு வாங்கியிருந்தால் ஒன்று மீறியதால் மற்ற நான்கும் கெடாது. திரும்ப எடுத்துக்கொள்ளப் பிக்குவைத் தேடிச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. குளித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்து மூன்று சரணத்தையும் ஐந்து சீலத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும்.