ஜாக்கி பிடித்திருக்கும் இடத்தில் ஸ்டாண்டை எப்படி வைப்பது?

வாசகர் கேள்வி: பிரேக் பேட்களை வீட்டிலேயே மாற்றலாம் என்று எண்ணி, சக்கரங்களில் உருளும் 2 டன் ஃப்ளோர் ஜாக்கி ஒன்றும், தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் ஒரு ஜோடியும் வாங்கினேன். காரின் கையேட்டில், ஜாக்கி கொடுப்பதற்குப் பக்கத்துக்கு இரண்டு இடங்கள் காட்டப்பட்டுள்ளன. அங்கே ஜாக்கியை வைத்துவிட்டால் ஸ்டாண்டுக்கு இடமே இல்லை. முதல் முறை தூக்கியபோது அடியில் இருந்த தகட்டு விளிம்பும் சற்று மடங்கிவிட்டது. நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: உங்களுடைய இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். பழைய ஜீப்புகளிலும் இன்றைய லாரிகளிலும் வண்டியின் அடியில் நீளவாக்கில் ஓடும் கனமான இரும்புச் சட்டம் உண்டு. அதில் ஏறக்குறைய எங்கே ஜாக்கி கொடுத்தாலும் தாங்கும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மெல்லிய தகடுகளை மடித்தும் புள்ளி வைத்துப் பற்றவைத்தும் உருவாக்கிய உடலே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. ஆகவே ஜாக்கியின் ஒற்றை முனையில் இறங்கும் பாரத்தைத் தாங்கும் வலிமை, உற்பத்தியாளர் உள்ளே கூடுதல் தகடு வைத்து உறுதிப்படுத்திய சில இடங்களுக்கு மட்டுமே இருக்கிறது.

கதவுகளுக்குக் கீழே இரண்டு மூன்று தகடுகள் சேர்ந்து செங்குத்தாகத் தொங்கும் விளிம்பைப் பார்த்திருப்பீர்கள். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகளோ அம்புக்குறியோ இருக்கும். அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவே உள்ள பகுதிதான் உறுதிப்படுத்தப்பட்டது. ஒரு கையகலம் தள்ளிப் போனாலும் வெறும் தகடு. இந்த விளிம்பு, நிமிர்த்தி நிறுத்திய அட்டையைப் போன்றது. நேர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே மடங்கும். காருடன் வரும் கத்தரி ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் வைத்திருப்பது அதனால்தான்; விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிச் சாயாமல் நிற்கும். நீங்கள் வாங்கிய ஃப்ளோர் ஜாக்கியின் தலையோ ஓரத்தில் பற்களைக் கொண்ட வட்டக் கிண்ணம். காரின் அந்தப் பக்கத்து எடை முழுவதும் இரண்டொரு பற்களின் மீது ஏறினால் தகடு மடங்கத்தான் செய்யும். நடுவே பள்ளமிட்ட ரப்பர் பேட் ஒன்றை ஜாக்கியின் தலையில் பொருத்துங்கள். பேட்டின் ஓரம் வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் உறையில் அழுந்தாத அளவுக்குச் சிறியதாக அது இருக்க வேண்டும். ஏற்கெனவே மடங்கிய விளிம்பைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டாம். இடுக்கியால் நிதானமாக நிமிர்த்தி, பெயின்ட் வெடித்த இடத்தில் துருத் தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். துருவைக் கவனிக்காமல் விட்டால்தான் அந்த இடம் பின்னால் பலமிழக்கும்.

விளிம்பு மடங்குவதற்குப் பலரும் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளோர் ஜாக்கியின் தலை நேர்கோட்டில் மேலே போவதில்லை. அதன் கை பின்பக்க அச்சில் சுழல்வதால், தலை ஒரு வில்லின் பாதையில் உயர்ந்துகொண்டே கைப்பிடியின் பக்கமாகப் பின்வாங்குகிறது. கார் நகராமல் நிற்க வேண்டுமானால், அந்தப் பின்வாங்கலுக்கு ஈடாக ஜாக்கி தன் சக்கரங்களில் உருண்டு காரின் அடியில் உள்ளே போக வேண்டும். காங்கிரீட் தரையில் இது தானாக நடக்கும். மண்ணிலோ சரளையிலோ ஜாக்கியின் சிறு சக்கரங்கள் புதைந்து உருளாமல் நின்றுவிட்டால், தலை விளிம்பைப் பக்கவாட்டில் இழுக்கிறது. விளிம்பு மடங்கும், அல்லது தலை நழுவும், அல்லது காரே நகரும். ஓடுகளின் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். எனவே கைப்பிடியை நான்கைந்து முறை அடித்ததும் ஒருமுறை நிறுத்தி, ஜாக்கி உருண்டிருக்கிறதா, தலை வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தரை சரிவாக இருந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட இடப் பிரச்சினைக்கு வருவோம். கையேட்டில் காட்டிய பக்கவாட்டு இடங்களை ஸ்டாண்டுக்கு விட்டுவிட்டு, ஜாக்கிக்கு வேறு இடம் தேடுவதே முறையான வழி. பல கார்களில் முன்பக்கம் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஒரு ஜாக்கி முனை உண்டு. சிலவற்றில் பின்பக்கமும் அப்படி ஒன்று இருக்கும். அங்கே தூக்கினால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் எழும். இரண்டு ஸ்டாண்டுகளையும் ஒரே உயரத்தில் பக்கவாட்டு இடங்களில் வைத்து, காரை அவற்றின் மேல் மெதுவாக இறக்கலாம். இந்த நடு முனை உரிமையாளர் கையேட்டில் பெரும்பாலும் இருக்காது, மெக்கானிக்குகளுக்கான பணிமனைக் கையேட்டில்தான் இருக்கும். அதைத் தேடிப் படிப்பது வீண் வேலையல்ல. நடு முனை இல்லாத காரில், குறுக்குச் சட்டம் உடலோடு பெரிய போல்ட்டால் இணையும் இடம் பொதுவாக உறுதியானது. பணிமனைக் கையேடு அதை அனுமதித்தால் அங்கே ஜாக்கியும் பக்கவாட்டு இடத்தில் ஸ்டாண்டுமாக ஒவ்வொரு மூலையாகத் தூக்கலாம். இரண்டும் இயலாதவர்களுக்காக, ஜாக்கியின் தலை மேலேயே பொருந்தி, தூக்கி முடித்த பின் கால்களைச் சேர்த்து ஸ்டாண்டாக மாற்றக்கூடிய பேட்களும் கிடைக்கின்றன. ஸ்டாண்டை வெட்டுக்குறிகளுக்கு வெளியே, ‘பக்கத்தில்தானே’ என்று ஒதுக்கி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்டாண்டின் தலையிலுள்ள இரு கொம்புகளும் விளிம்பைக் கடித்துவிடும் என்பதால், அதற்கும் பள்ளமிட்ட ரப்பர் தேவை.

எஞ்சின் ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), கியர்பாக்ஸின் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தாங்கும் மெல்லிய குறுக்குப் பட்டை, கேபினின் தரைத் தகடு ஆகியவற்றில் ஜாக்கியை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பின் சக்கரங்களை இணைக்கும் குறுக்கு அச்சு பார்ப்பதற்குப் பலமாகத் தெரிந்தாலும், முறுக்கு அச்சு (முறுகி வளைந்து கொடுக்கும் ‘டார்ஷன் பீம்’) கொண்ட கார்கள் பலவற்றில் உற்பத்தியாளர்கள் அதைத் தடை செய்திருக்கிறார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தரை முழுவதும் பேட்டரிப் பெட்டி பரவியிருப்பதால், ஜாக்கியின் தலை சில சென்டிமீட்டர் உள்ளே போனாலே பெட்டியின் மீது அழுந்தும். டெஸ்லா கார்களில் ஜாக்கி முனைகள் வட்டத் துளைகளாக இருப்பதால், அதில் செருகும் ரப்பர் வில்லை இல்லாமல் தூக்குவது பேட்டரியோடு விளையாடுவதாகும். காற்று சஸ்பென்ஷன் உள்ள எந்தக் காராக இருந்தாலும், தானாக உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும். பல கார்களில் திரையில் அதற்கென ‘ஜாக்’ நிலை ஒன்று கொடுக்கப்பட்டிருக்கும்.

கார் விழும் விபத்து என்றதும் எல்லோரும் ஜாக்கி உடைவதைத்தான் கற்பனை செய்கிறார்கள். என் கணிப்பில் ஜாக்கியின் டன் கணக்கைவிட, கார் கிடைமட்டத்தில் நகர்வதே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்கிய அந்தக் கணத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாதது போலத்தான். அது மட்டுமல்ல, பின் பேட் மாற்றுவதற்கு அதைத் தளர்த்தவும் வேண்டியிருக்கும். மின் ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல், பின் பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளவே கூடாது. ஆட்டோமேட்டிக் கியரில் ‘பி’ (பார்க்கிங்) நிலை இருக்கிறதே என்று சிலர் நம்புவார்கள். முன் சக்கர இயக்கக் காரில் ஒரு முன் சக்கரம் மட்டும் தரையை விட்டு எழுந்திருந்தால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தரத்துச் சக்கரம் எதிர்த் திசையில் சுழன்று கொடுக்க, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். ‘பி’ நிலை எதையும் தடுக்காது. ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அழுத்தமாகக் கட்டை கொடுப்பது கட்டாயம். முன்பக்கம் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு, பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு. கையில் அகப்பட்ட உருண்டைக் கல் கட்டை ஆகாது.

2 டன் ஜாக்கி போதுமா என்ற ஐயம் உங்களுக்கு இருக்கலாம். 1,400 கிலோ எடையுள்ள முன் சக்கர இயக்கக் காரில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம் இறங்குகிறது என்று கொண்டால், முன்பக்கம் முழுவதையும் தூக்கும்போது ஜாக்கி சுமப்பது சுமார் 840 கிலோ. போதும். 2 டன்னையும் தாண்டும் பெரிய வண்டிக்கு 3 டன் ஜாக்கி எடுப்பது நல்லது. ஸ்டாண்டின் ஒட்டுச்சீட்டில் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா, ஒரு ஜோடிக்கா என்பதையும் பாருங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதற்குள் இருக்கும் எண்ணெயை அடைத்து வைத்திருப்பது சிறு ரப்பர் வளையங்களும் ஒரு வால்வும்தான். அவை கசிந்தால் கார் மெல்லவும் இறங்கலாம், சட்டென்றும் இறங்கலாம். ஆகையால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் முட்டு கொடுப்பதற்கு உரியவை அல்ல. அவை வளைந்து எச்சரிக்காமல் நொறுங்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய காரில் வீல் ஸ்பேனரை மிதிப்பதுபோல் ஆபத்தான செயல் வேறில்லை. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. நிறுத்தத்தில் தானாக அணைந்து இயங்கும் கார்களிலும் ஹைப்ரிட்களிலும் சாவியை எடுத்துத் தள்ளி வையுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டை வைத்து, அதன் உயரத்தைப் பூட்டும் பல்சக்கரப் பிடி முழுமையாக விழுந்திருப்பதைக் கையால் அழுத்திப் பார்த்து, நான்கு கால்களும் தரையில் படிந்த பிறகே காரை அதன் மேல் இறக்க வேண்டும். வெயிலில் இளகும் தார்த் தரையில் ஸ்டாண்டின் கால்கள் புதையும் என்பதால் அடியில் தடித்த பிளைவுட் பலகை போடுங்கள். பின்பு, அடியில் நுழைவதற்கு முன், காரை இடுப்பால் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசையக்கூடிய கார், நீங்கள் வெளியே நிற்கும்போதே அசையட்டும். கழற்றிய சக்கரத்தை விளிம்புக்கு அடியில் படுக்க வைத்து, ஜாக்கியையும் பாரம் ஏறாமல் தொட்டும் தொடாமலும் விட்டுவைத்தால், ஸ்டாண்ட் தவறினாலும் இடைவெளி மிஞ்சும்.

இறக்கும்போது ஜாக்கியால் ஓர் அங்குலம் உயர்த்தி, ஸ்டாண்டை உருவிய பின் வால்வை மிக மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றிலேயே சில ஜாக்கிகள் பாரத்தைப் பொத்தென்று போட்டுவிடும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். சிறிய, நடுத்தரக் கார்கள் பலவற்றில் அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். பேட் மாற்றியிருப்பதால் வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாவதைப் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.