தண்ணீரில் உடையும் காப்பர் கூண்டு

காப்பர் அணுக்களை ஐசோஃப்தாலிக் அமிலத்தால் இணைத்துக் கட்டிய உள்ளீடற்ற மூலக்கூறுக் கூண்டு, தண்ணீர் உள்ள வினையில் வினையூக்கியாக முதல் சுற்றில் நன்றாக வேலை செய்து, அதையே திரும்பப் பயன்படுத்தும்போது மூன்றாம் சுற்றில் கரைசல் நீலமாகிறது என்கிறீர்கள். கூண்டு உடைந்து காப்பர் வெளியே வருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. வினை பாதியில் இருக்கும்போதே சூடாக வடிகட்டி, வடிநீரை மட்டும் தொடர்ந்து ஓடவிடுங்கள். அதிலும் விளைபொருள் கூடிக்கொண்டே போனால் இதுவரை வினையூக்கியது கூண்டு மட்டும் அல்ல, கரைந்த காப்பரும்தான்.

தண்ணீரைத் தவிர்க்கவே முடியாதென்றால் சிர்க்கோனியத்துக்கு மாறுங்கள். சிர்க்கோனோசீன் டைகுளோரைடை டெரெஃப்தாலிக் அமிலத்தோடு டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானில், துளி நீர் சேர்த்துச் சூடாக்கினால் மூன்று சிர்க்கோனியம் கொண்ட கிளஸ்டர்கள் (அணுக் கொத்துகள்) தாமாகவே உருவாகி, நான்கு கிளஸ்டரும் அவற்றை இணைக்கும் ஆறு லிகண்டும் (இங்கே அந்த அமில மூலக்கூறுகள்) சேர்ந்து நான்முகியாக அமையும். காப்பரைவிட நீரை எவ்வளவோ நன்றாகத் தாங்கும். ஆனால் ஒன்று, காப்பரில் அச்சு நுனியில் இருக்கும் கரைப்பானை விரட்டினால் வினைபொருள் வந்து ஒட்டக்கூடிய திறந்த உலோக மையம் கிடைக்கும், இங்கே சிர்க்கோனியத்தின் இடங்களெல்லாம் நிரம்பியிருப்பதால் அது கிடையாது. வினையூக்கத்தை லிகண்டில்தான் வைக்க வேண்டும், பைபிரிடின் (உலோகத்தைப் பிடிக்கும் நைட்ரஜன் வளைய இணை) உள்ள நேரான டைகார்பாக்சிலிக் அமிலம் எடுத்து அதில் பல்லேடியத்தைப் பிடிக்க வைக்கலாம்.

அப்புறம், கூண்டை முழுக்க உலர்த்தாதீர்கள், கூண்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொண்டு அவற்றின் ஜன்னல்கள் (உள்ளே நுழையும் துளைகள்) அடைபடும். உங்கள் வினைபொருள் அந்த ஜன்னலில் நுழையும் அளவா என்பதை முதலில் பார்த்துவிட்டு லிகண்டைத் தேர்ந்தெடுங்கள்.