தொடர்பே இல்லை என்கிறது கணக்கு

கேள்வி: உளவியலில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குழந்தைகளின் ஆக்ரோஷமும், பிறர் வலியைத் தன் வலிபோல உணரும் பரிவும்தான் என் தலைப்பு. பரிவு கூடினால் அடிதடி குறையும் என்று நம்பி இறங்கினேன். நாலு வயது முதல் எட்டு வயது வரை 140 குழந்தைகள். படம் காட்டிக் கதை சொல்லி, 'இப்போது உனக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டுப் பரிவை அளந்தேன். ஆக்ரோஷத்துக்கு ஆசிரியர்கள் மதிப்பெண் போட்டார்கள். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. தலைப்பை மாற்று என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். இன்னொன்றும் உறுத்துகிறது. மைதானத்தில் ஒரு குழந்தை அடிபட்டு அழுதால் நேரத்தைக் குறிக்க என் கண் முதலில் கடிகாரத்துக்குப் போகிறது. நானே கல்லாகிவிட்டேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தலைப்பை மாற்றாதீர்கள். உங்களுக்கு வந்த முடிவு இந்தத் துறைக்குப் பழைய விருந்தாளி.

நீங்கள் கையாண்ட படக்கதை முறையை உருவாக்கியவர் நார்மா ஃபெஷ்பாக். அவரும் கணவர் சீமோர் ஃபெஷ்பாக்கும் லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதே இரண்டு விஷயங்களைப் பின்தொடர்ந்தவர்கள். 1969-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஆறு, ஏழு வயதுப் பையன்களில் பரிவு அதிகம் உள்ளவர்களிடம் ஆக்ரோஷம் குறைவாக இருந்தது. நீங்கள் எதிர்பார்த்ததும் இதைத்தான். ஆனால் நாலு, ஐந்து வயதுப் பையன்களிடம் நேர் தலைகீழ்: பரிவு அதிகம் உள்ளவர்களிடம்தான் ஆக்ரோஷமும் அதிகம். பெண் குழந்தைகளிடம் இப்படியொரு தொடர்பு தெரியவில்லை.

இப்போது உங்கள் 140 பேரை நினைத்துப் பாருங்கள். நாலு வயதும் எட்டு வயதும், பையனும் பெண்ணும் ஒரே மூட்டையில். ஒரு பக்கம் ஏறுவதும் இன்னொரு பக்கம் இறங்குவதும் சேர்ந்தால் கணக்கில் பூஜ்யம்தான் வரும். சின்னஞ்சிறுசுகளுக்கு ஏன் தலைகீழ் என்றால், என் கருத்து இது: அந்த வயதில் மற்றவர்களோடு அதிகம் ஒட்டிப் பழகும் குழந்தைதான் அதிகம் கட்டிப் புரளும், பிடுங்கும், தள்ளும். தன் கை பட்டால் இன்னொருவனுக்கு வலிக்கும் என்ற அறிவு கையைப் பிடித்து நிறுத்தக் கொஞ்ச காலம் ஆகிறது.

கனடாவின் மாண்ட்ரியலில் உளவியலாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே நடத்திய ஆய்வுகளும் இதற்குத் துணை. 1984-இல் பாலர் வகுப்புப் பையன்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடரத் தொடங்கியவர் அவர். அப்புறம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பார்க்கும் ஆய்வுகளுக்குப் போனார். அடிப்பதும் கடிப்பதும் இரண்டு, மூன்று வயதிலேயே உச்சத்தில் இருக்கின்றன, பெரும்பாலான குழந்தைகளிடம் பிறகு குறைகின்றன என்று அவை காட்டின. 'குழந்தை எப்போது அடிக்கக் கற்கிறது?' என்பது போய், 'அடிக்காமல் இருக்க எப்படிக் கற்கிறது?' என்று கேள்வியே திரும்பிக்கொண்டது. நீங்கள் எடுத்திருக்கும் வயது அந்தக் கற்றல் நடக்கும் வயது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாவது சந்தேகம் அளவுகோல் மேல். 1988-இல் பால் மில்லரும் நான்சி ஐசன்பெர்க்கும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கேள்வித்தாள் வழியாகப் பரிவை அளந்தவற்றில் பரிவு கூடினால் ஆக்ரோஷம் குறைவது தெரிந்தது. படக்கதை வழியாக அளந்தவற்றில் அப்படி உறுதியாகத் தெரியவில்லை. அழுகிற குழந்தையின் படத்தைப் பார்த்து 'எனக்கும் அழுகை வருகிறது' என்று சொல்லும் குழந்தை அவனுக்காக வருந்துகிறதா, தன் மனம் கலங்கியதைச் சொல்கிறதா? இவை இரண்டும் வேறு என்று ஐசன்பெர்க் அழுத்திச் சொல்லிவந்தார். தன் கலக்கம் தாங்காதவர் ஆறுதல் சொல்லப் போகாமல் அந்த இடத்தை விட்டே நகரப் பார்ப்பார். உங்கள் எண்களுக்குள் இந்த இரு வகைக் குழந்தைகளும் கலந்து இருக்கலாம்.

ஆசிரியர் மதிப்பெண்ணும் பாதிக் கதைதான். ஆசிரியர் திரும்பி நிற்கும்போது விழும் அடி அதில் வராது. உளவியலாளர் லியோனார்ட் ஈரன் 1960-இல் நியூயார்க் மாநிலத்தின் கொலம்பியா கவுண்டியில் எட்டு வயதுக் குழந்தைகளிடம் 'யார் மற்றவர்களைத் தள்ளிவிடுவது?' என்ற மாதிரிக் கேள்விகளைக் கேட்டு, வகுப்புத் தோழர்களையே பெயர் சொல்ல வைத்தார். அந்தப் பதில்களை வைத்துத் தொடங்கிய ஆய்வு, அந்தக் குழந்தைகள் முப்பது வயதாகும்போதும், அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அதே ஆய்வில் பெற்றோரின் கூச்சத்தைப் போக்க, சும்மா பேச்சுக்காக, தொலைக்காட்சி பற்றிச் சில கேள்விகளைச் சேர்த்திருந்தார். கடைசியில் அவர் பெயரைப் பரவலாக்கியது அந்தச் சும்மா கேள்விகள்தான். எந்தத் தகவலையும் அவசரப்பட்டுக் குப்பையில் போடாதீர்கள்.

ஆகவே வயதையும் ஆண், பெண்ணையும் பிரித்துக் கணக்கை மறுபடி போடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: முதல் கணக்கு பொய்த்த பிறகு பிரித்துப் பார்த்தேன் என்று தீசிஸில் வெளிப்படையாக எழுத வேண்டும். முதலிலேயே ஊகித்ததுபோல் காட்டாதீர்கள். பிரித்த பிறகும் ஒன்றும் வரவில்லையா? சரி, அதையும் அப்படியே எழுதுங்கள். 2014-இல் டேவிட் வஷோன் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆளுக்கு ஆள் ஆக்ரோஷம் வேறுபடுவதில் சுமார் ஒரு சதவீதத்தை மட்டுமே பரிவைக் கொண்டு விளக்க முடிந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை, கட்டுரையின் தலைப்பிலேயே போட்டார்கள்.

அதற்காகப் பரிவு வீண் என்று ஆகிவிடாது. நார்மா ஃபெஷ்பாக் எண்களோடு நிற்காமல் வகுப்பறைக்குள் போனார். 'வீட்டில் ஒவ்வொருவருக்கும் எந்தப் பரிசு கொடுத்தால் அதிகம் மகிழ்வார்கள்?', 'பூனை அளவுக்கு நீ சின்னதாகிவிட்டால் உலகம் எப்படித் தெரியும்?' என்று யோசிக்க வைக்கும் பயிற்சிகளைத் தந்தார். பயிற்சி பெற்ற குழந்தைகளிடம் பிறருக்கு உதவும் செயல்கள் கூடின.

கடைசியாக, அந்தக் கடிகாரம். என் ஆய்வுக் காலத்தில் ஒரு நாள், அடி வாங்கிய சிறுமி ஓடிவந்து என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவள் தலைக்கு மேலே தாளைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் குறித்து முடித்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் கல்லாகிவிட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். தினமும் ஒரே காட்சியைப் பார்க்கும் கண்ணுக்குப் பழக்கம் வந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அதை அப்படியே விடவும் கூடாது. எந்த நிலை வந்தால் குறிப்பதை நிறுத்திவிட்டுக் குழந்தையிடம் போவேன் என்று உங்கள் கைடுடன் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவையுங்கள். அப்படி நின்றுபோன பதிவுகளைத் தனியாகக் காட்டினால் ஆய்வுக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் மைதானம் என்று அளவும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது தாளும் பேனாவும் இல்லாமல் போய் அந்தக் குழந்தைகளோடு விளையாடுங்கள். வயது பிரித்த கணக்கில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.