ஹாரிஸ்மித்தில் தூங்கக் கூடாது

கேள்வி: அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சரக்கு லாரி ஓட்டிய நம்மவர்கள் வழியில் எங்கே தூங்குவார்கள், ஐயா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: நேட்டால் பக்கத்து லேடிஸ்மித் ஊரோடு தூக்கம் முடிந்தது, தம்பி. வான் ரீனன் கணவாய் ஏறினால் ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். 1986-இல் நீக்கப்படும்வரை இருந்த 1891 சட்டப்படி இந்தியர் அங்கே குடியிருக்க முடியாமல் இருந்தது. கடந்து போகலாம், அனுமதியில்லாமல் இரவு தங்கக் கூடாது என்று இருந்தது. பையனாக நான் உதவிக்குப் போன லாரி, மூடுபனியில் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். மேலே ஃப்ரீ ஸ்டேட் ஊரான ஹாரிஸ்மித்தில் டீசல் மட்டும். அப்புறம் வில்லியர்ஸ் தாண்டி, ஃப்ரீ ஸ்டேட்டின் எல்லையான வால் ஆற்றுப் பாலமும் கடந்த பிறகுதான் டிரைவர் அண்ணன் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஆறிப்போயிருக்கும், ஆனால் என்ன ருசி! லாரியில் சரக்கு ஏற்றிப் போகப் பெர்மிட் வாங்கும் தொல்லை வேறு: ரயில்வேக்குப் போட்டி வரக்கூடாதென்று 1930-லேயே சட்டம் போட்டுவிட்டார்களே. சின்ன முதலாளிகள் பெர்மிட்டுக்கு நடந்த தூரம் லாரி ஓடியதைவிட அதிகம்.