வாசகர் கேள்வி-பதில்: சைக்கிளும் உடல் எடையும்

கேள்வி: எனக்கு வயது 42, எடை 84 கிலோ. நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. இரண்டு மாதங்களாக வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம், ஏறக்குறைய மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். உணவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இதுவரை குறைந்தது ஒன்றரைக் கிலோதான். சைக்கிள் ஓட்டினால் எடை குறையும் என்பது உண்மைதானா? வேறு பயிற்சிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துக் கணக்கிட்டால், உங்களுக்கு எவ்வளவு குறைய வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு குறைந்திருக்கிறது.

ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது இந்தச் செலவு ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. அதன்படி 84 கிலோ எடையுள்ள உங்களுக்கு 40 நிமிடத்தில் 325 கலோரி வரை செலவாகலாம். ஆனால் அந்த 40 நிமிடமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 55 கலோரி செலவாகியிருக்கும் என்பதால், சைக்கிளால் கூடுதலாகச் செலவானது 270 கலோரிதான். கருவிகள் காட்டும் எண் பெரும்பாலும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் காட்டும் எண் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 1,350 கலோரி, எட்டு வாரத்துக்கு 10,800 கலோரி. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பதால், உங்கள் கணக்கில் வரக்கூடிய குறைவு 1.4 கிலோ. கணக்கு இவ்வளவு அருகில் வந்து பொருந்துவது எல்லோருக்கும் நடப்பதில்லை. பலர் சைக்கிள் ஓட்டிய பசியில் அறியாமலே கூடுதலாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சிலர் காலையில் ஓட்டிவிட்டோமே என்று நாளின் மற்ற நேரத்தில் அசைவைக் குறைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டையும் செய்யாமல் இரண்டு மாதம் நீங்கள் ஓட்டியிருப்பதை நான் உண்மையாகவே பாராட்டுகிறேன்.

இனி வேகமாகக் குறைய வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நேரம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு 150 முதல் 250 நிமிட மிதமான உடற்பயிற்சி எடை கூடாமல் தடுக்கும். ஆனால் அதனால் வரும் எடைக்குறைவு கொஞ்சம்தான். 250 நிமிடத்தைத் தாண்டும்போதுதான் குறிப்பிடத்தக்க குறைவு கிடைக்கிறது. நீங்கள் இப்போது 200 நிமிடத்தில் இருக்கிறீர்கள். இரண்டாவது உணவு. நாள்தோறும் உண்பதில் 250 கலோரியைக் குறைத்தால் அதுவே நீங்கள் ஒரு நாள் ஓட்டும் தூரத்துக்குச் சமம். வாரத்தின் ஏழு நாளும் அது நடக்கும் என்பதால் பலனில் சைக்கிளைவிடச் சற்று முந்தியும் போகும். எடைக்குறைப்பில் உணவின் பங்குதான் பெரியது என்பதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நன்மை செய்யாது. ஆனால் குறைத்த எடை திரும்ப ஏறாமல் பிடித்து வைப்பதில் சைக்கிளின் பங்கு மிகப் பெரியது. எனவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். எடை குறையக் குறைய அதே தூரத்துக்கு ஆகும் கலோரிச் செலவும் குறையும் என்பதால், சில மாதங்களில் எடை இறங்கும் வேகம் மட்டுப்படும். அப்போது பயிற்சி பலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: மெதுவாக ஓட்டினால்தான் கொழுப்பு கரையும், வேகமாக ஓட்டினால் மாவுச்சத்துதான் செலவாகும் என்கிறார்கள். எது சரி?

பதில்: மெதுவாக ஓட்டும்போது செலவாகும் சக்தியில் கொழுப்பின் விகிதம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மொத்தச் செலவே குறைவாக இருக்கும்போது விகிதத்தை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. வேகமான ஓட்டத்தில் மாவுச்சத்து செலவானாலும், அன்றைய உணவு அளவோடு இருந்தால் உடல் பிற்பாடு கொழுப்பை எடுத்து ஈடுகட்டிக்கொள்ளும். நாள் முழுவதற்குமான வரவு செலவுதான் எடையை முடிவு செய்கிறது.

வேகத்தைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் வேகம் கூடக் கூட, நம்மைத் தடுப்பதில் காற்றே முதலிடம் பிடிக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஆகவே சற்றே வேகம் கூட்டினாலும் உழைப்பு பெரிதும் கூடிவிடும். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்த வேகத்தில் பத்து நிமிடத்தில் களைத்துத் திரும்பிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். தொடர்ந்து பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்ற அளவே முதல் இரண்டு மாதங்களுக்குப் போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் களைப்பில்லாமல் ஓட்ட முடிந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் இடையிடையே ஒரு நிமிடம் வேகமாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம்.

கேள்வி: வயது 51. நடந்தால் முழங்கால் வலிக்கிறது என்பதால் எடையைக் குறைக்க சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வாரத்திலேயே முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிவிட்டது. நிறுத்திவிடவா, ஐயா?

பதில்: அம்மா, நிறுத்துவதற்கு முன் சைக்கிளின் சீட் உயரத்தைச் சரிபாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பவர்களில் பலருக்குச் சீட் தேவையைவிடத் தாழ்வாக இருப்பதைக் காணலாம். தரையில் இரு பாதங்களும் முழுவதும் பதிய வேண்டும் என்ற பயத்தில் சீட்டைத் தாழ்த்தி வைப்பது இயல்புதான். ஆனால் அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு, அல்லது வேறொருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சீட்டில் நேராக உட்காருங்கள். பெடல் மிகவும் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்த உயரத்தில் சீட்டை இறுக்கிவிட்டு, ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும். சீட் அளவுக்கு மீறி உயர்ந்தால் வலி முழங்காலின் பின்பக்கத்துக்கு மாறும். இடுப்பும் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்போது சிறிது சிறிதாக இறக்கிப் பார்க்க வேண்டும். உயரம் மாறியபின் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கியர் உள்ள சைக்கிளாக இருந்தால், கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், இலகுவான கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வரை வருமாறு மிதியுங்கள். கியர் இல்லாவிட்டால் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் தவறேதும் இல்லை. டயரில் காற்று குறைந்திருந்தால் உருளும் தடை கூடி முழங்கால்தான் அதன் சுமையைத் தாங்கும் என்பதால், காற்றை வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் இரண்டு வாரத்தில் வலி தணியாவிட்டாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ, ஓட்டுவதை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வயதில் இதையும் சொல்லியாக வேண்டும். உடலின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்வதால்தான் சைக்கிள் மூட்டுக்கு இதமாக இருக்கிறது. அதே காரணத்தால் எலும்புக்குக் கிடைக்க வேண்டிய பாரமும் கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் என்பதால், வலி தணிந்ததும் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் இதை எல்லாப் பெரியவர்களுக்கும் பரிந்துரைக்கிறது.

கேள்வி: சைக்கிள் ஓட்டினால் வயிறு மட்டும் குறையுமா?

பதில்: உழைக்கும் தசைக்கு மேலுள்ள கொழுப்பு மட்டும் கரைவதில்லை, எந்த இடத்தில் முதலில் குறையும் என்பதை மரபும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. ஆனால் வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, எடையில் மாற்றம் தெரியாதபோதும் இத்தகைய பயிற்சியால் குறைவதுண்டு. ஆகவே எடையுடன் இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஓட்டினால் எடை விரைவாகக் குறையும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வெறும் வயிற்றில் ஓட்டும் நேரத்தில் கொழுப்பு சற்றுக் கூடுதலாகச் செலவாகலாம். ஆனால் நாள் முடிவில் அதனால் எடை கூடுதலாகக் குறைவதில்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டும்போதே சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடக்கூடும். சாலையில் அது நேர்ந்தால் விபத்தாக முடியும். உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வகை மருந்தாக இருந்தால், கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள்; 90க்குக் கீழே இருந்தால் மாவுச்சத்துள்ள எதையாவது சாப்பிட்ட பிறகே ஓட்டுங்கள். குளுக்கோஸ் எப்போதும் பையில் இருக்கட்டும். நடுக்கமோ வியர்வையோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். நீண்ட தூரம் ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். எடை குறைந்தால் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஆர்வமாகத் தொடங்கி, மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறேன். தொடர்ந்து ஓட்ட என்ன செய்வது?

பதில்: பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, எப்படியும் போக வேண்டிய இடங்களுக்குச் சைக்கிளில் போவதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. அலுவலகமோ கடையோ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய் வருவதிலேயே 40 நிமிடம் கிடைத்துவிடும். போகாமல் இருக்க முடியாது என்பதால் விட்டுப்போகவும் வாய்ப்புக் குறைவு. சாலை பாதுகாப்பாக இல்லாவிட்டால் வீட்டுக்குள் ஓட்டும் நிலைச் சைக்கிள் போதும். அதிலும் சீட் உயரத்துக்கு மேலே சொன்ன அளவே பொருந்தும். முதல் வாரத்தில் நாளுக்கு 20 நிமிடம் மட்டும் ஓட்டி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரு மடங்கு ஓட்டி ஈடுகட்ட முயலாமல், வழக்கமான தூரத்தையே ஓட்டுங்கள்.