கணினியில் நடக்கும் பங்குச்சந்தையில் விலையை வைப்பது யார்?

இதே கேள்வியை என் தாய்மாமா ஒருமுறை கேட்டார். அவர் பாம்பன் கரையில் முப்பது வருஷமாக மீன் ஏலம் விடுபவர். நான் 1997-இல் மதுரையில் ஒரு தரகர் அலுவலகத்தில் ஆர்டர் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவன். "கத்துறதுக்கு ஒரு ஆளும் இல்லாம எப்படிடா ஏலம் நடக்கும்?" என்பதுதான் அவருடைய சந்தேகம்.

விலையை யாரும் வைப்பதில்லை. கணினி வரிசையைப் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மாமாவின் ஏலத்தில் ஒரு கூடை நண்டு, ஒரு சம்மாட்டி (படகு முதலாளி), சுற்றிலும் பத்து வியாபாரிகள். விலை மேலே மட்டும் ஏறும். பங்குச்சந்தையில் விற்பவரும் கூட்டம், வாங்குபவரும் கூட்டம். ஒரு பங்கை 502 ரூபாய்க்கு வாங்கச் சிலர் காத்திருக்கிறார்கள், 501.90-க்குப் பலர். விற்க வந்தவர்களில் குறைந்த விலை கேட்பவர் 502.20-இல் நிற்கிறார். இருபது காசு இடைவெளி இருக்கும்வரை ஒன்றும் நடக்காது. யாராவது பொறுமை இழந்து எதிர்ப்பக்க விலைக்கு ஒப்புக்கொண்டால் அந்த நொடியில் வியாபாரம் முடிகிறது. திரையில் நீங்கள் பார்க்கும் "விலை" கடைசியாக முடிந்த அந்த ஒரு வியாபாரத்தின் விலை.

நல்ல விலை சொன்னவருக்கே முதல் முன்னுரிமை. ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கு. ஒருவர் 503 வரை தரத் தயார் என்று ஆர்டர் போட்டாலும் ஏற்கனவே காத்திருப்பவரின் 502.20-தான் விலையாகும். மாமாவுக்கு இது பிடிக்கவே இல்லை. கரையில் 503 என்று வாய்விட்டவர் 503-தான் கொடுக்க வேண்டும்!

ஆனால் காலை 9 மணிக்குத் தொடங்கும் முன்திறப்பு நேரத்தைச் சொன்னதும் தலையாட்டினார். 2010-இல் வந்த ஏற்பாடு அது. சில நிமிஷம் ஆர்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அதையே தொடக்க விலையாக வைப்பார்கள். 9.15-க்குத் தொடர் வர்த்தகம் ஆரம்பிக்கும்.

மும்பை பங்குச்சந்தை 1875-இல் தொடங்கியது. நூறு வருஷத்துக்கும் மேல் தலால் தெருவில் தரகர்கள் கூடிக் கத்தித்தான் வியாபாரம் செய்தார்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் ஒருவர் பங்கு விற்றால் அது உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பது தரகர் சொல்வதுதான். அந்தச் சந்தையும் தரகர்களின் கையிலேயே இருந்தது. ஏலக்காரரும் வியாபாரியும் ஒரே ஆள் என்றால் கூடைக்காரர் கதி என்ன என்று மாமாவுக்கு விளக்க வேண்டியதில்லை.

மும்பைத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச்சந்தை ஊழல் வெளிவந்த 1992-லேயே, நவம்பரில், தேசியப் பங்குச்சந்தை பதிவானது. அரசின் தொழில் வளர்ச்சி வங்கியான ஐடிபிஐ முன்னின்று நிதி நிறுவனங்கள் பணம் போட்டன. தரகர்கள் அங்கே உறுப்பினர்கள்தான், முதலாளிகள் இல்லை. 1994 நவம்பர் 3-ஆம் தேதி பங்கு வர்த்தகம் தொடங்கியது, கத்தல் இல்லாமல், முழுக்கத் திரையில். எங்கள் அலுவலக மொட்டை மாடியில் ஒரு பெரிய தட்டு ஆன்டெனா இருந்தது. மதுரையில் அடிக்கும் ஆர்டர் செயற்கைக்கோள் வழியே மும்பைக்குப் போய்ச் சில நொடியில் பதிலோடு திரும்பும். 1995 மார்ச்சில் மும்பை பங்குச்சந்தையும் திரைக்கு மாறத் தொடங்கியது. 1920-இல் வேர்விட்ட சென்னைப் பங்குச்சந்தைக்கு 2015-இல் மூடுவிழா. ஊருக்கு ஒரு சந்தை என்பதற்கு அவசியமே போய்விட்டதே.

இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது வேகம் இல்லை. திரையில் பெயர் கிடையாது. கரையில் படகுக்காரர் வலை வாங்கவும் டீசல் போடவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்த நண்டு ஏலத்துக்கே வராமல், சந்தை விலைக்குக் கீழே நேராக அந்த வியாபாரிக்குப் போகும். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதும் சேர்ந்துதான் அங்கே விலை. கணினிக்கு அது தெரியாது. எதிரில் நிற்பவர் யார் என்று உங்களுக்கும் தெரியாது.

முகம் தெரியாதவர் பணம் தருவார் என்று எப்படி நம்புவது? மாமாவின் கால்சட்டைப் பையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும், முழுக்க வியாபாரிகளின் பாக்கி. தேசியப் பங்குச்சந்தையில் 1996 ஏப்ரல் முதல் தீர்வுக் கழகம் ஒன்று நடுவில் நிற்கிறது. ஆர்டர் பொருந்தியதும் விற்றவருக்கு அதுவே வாங்குபவர், வாங்கியவருக்கு அதுவே விற்பவர். யாராவது கைவிரித்தாலும் அது கொடுத்தாக வேண்டும்; அதற்காகத்தான் முன்கூட்டியே எல்லோரிடமும் மார்ஜின் என்று ஒரு பிணைத்தொகை பிடிக்கிறார்கள்.

அதே வருஷம் டீமேட்டும், அதாவது பங்கைக் கணினிக் கணக்கில் வைக்கும் முறையும், வந்தது. அதற்கு முன் காகிதப் பத்திரம்தான். என் அப்பா விற்ற ஒரு பத்திரம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவரே தன் பழைய கையெழுத்தைப் பார்த்துப் பழகிவிட்டுப் போட்டார். இப்போது, 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும், மறுநாளே கணக்கு முடிகிறது.

கணினி ஒரு விஷயத்தில் மாமாவிடம் தோற்கும். 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்திலிருந்து தவறான ஆர்டர்கள் போய், தேசியப் பங்குச்சந்தையின் குறியீடான நிஃப்டி சில நொடிகளில் 900 புள்ளிக்கு மேல் விழுந்து வர்த்தகமே கொஞ்ச நேரம் நின்றது. மாமாவாக இருந்தால், "என்ன தம்பி, நெசமாத்தான் சொல்றியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

கடைசியாக அவர் கேட்டது கமிஷன். மாமாவுக்கு நூற்றுக்கு ஐந்து. தேசியப் பங்குச்சந்தை தனக்கென எடுப்பது, 2024 அக்டோபர் கணக்குப்படி, லட்சத்துக்கு 2 ரூபாய் 97 காசு, இரண்டு பக்கமும். தரகருக்கும் அரசு வரிக்கும் தனி. மாமா சிரித்தார். "லட்சத்துக்கு மூணு ரூவாயா? டீக்குக் காணாதேடா." ஒரு நாளில் பல்லாயிரம் கோடிக்கு வியாபாரம் நடக்கிறது மாமா என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, "அங்க ஆளு எடுக்குறாங்களா?" என்றார்.